ஏற்கெனவே இருக்கிறது

புது ஹார்டு டிஸ்க்கில் ஒன்றுமே கிடையாது. ஹரிகுமார்தான் அதன் உறையைக் கிழித்தான். அவனேதான் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, பழைய டிஸ்க்குக்குக் கீழே இருந்த காலி இடத்தில் அதைச் செருகி, திருகுகளை முறுக்கி, கேபிள்களை மாட்டி, பார்மட்டும் செய்து முடித்தான். ஆனால் பழைய டிஸ்க்கிலிருந்து ‘மாளு’ என்ற போல்டரை இழுத்துப் புதியதில் விட்டதும் கம்ப்யூட்டர் கேட்டது: இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மாற்றட்டுமா?

வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் புது டிஸ்க்கைத் திறந்து பார்த்தான். இருந்தது. ‘மாளு’. அதே எழுத்து, அதே மஞ்சள் நிறம்.

மாளவிகா அவனுடைய மகள். ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது. அவள் பேசியது, ஆடியது, அழுதது எல்லாம் பழைய டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. அந்த டிஸ்க் இந்த வாரம் தொண்டையில் முள் சிக்கினதுபோல டிக், டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. முழுசாய்ச் சாவதற்குள் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடு என்று நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரெனிஷ் சொன்னான். இன்று லீவு போட்டுவிட்டுப் போய் வாங்கி வந்திருந்தான்.

வெளியே ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து ஆடிக் காற்று இறங்கி, சன்னல் கொண்டியை ஆட்டி, மாடியில் காயப்போட்ட துணிகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு மேற்கே நின்ற காற்றாலையின் இறக்கை நிழல், சாயும் வெயிலோடு உள்ளே வந்து, சுவரில் ஏறி, அவன் முதுகைக் கடந்து, அலமாரியில் இறங்கி, மறுபடியும் வந்தது. திறந்து கிடந்த கேபினெட்டிலிருந்து சூடான தூசி மணத்தது. அதற்கடியில் வேறொரு மணமும் இருந்தது. ஈரத்தலைக்குப் போட்ட தேங்காய் எண்ணெய் மாதிரி.

புது டிஸ்க்கில் இருந்த பிறந்தநாள் வீடியோவைத் திறந்தான்.

அந்த வீடியோவை அவன் எத்தனையோ தடவை பார்த்தவன். மாளு மெழுகுவர்த்தியை ஊதுவாள், எல்லோரும் கை தட்டுவார்கள், படம் நின்றுவிடும். இதில் நிற்கவில்லை. கை தட்டினவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கேக்கை எடுத்துப் போனார்கள். யாரோ விளக்கை அணைத்தார்கள். மாளு மட்டும் அந்த நாற்காலியிலேயே, இருட்டில், கேமராவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கண் சிமிட்டவில்லை.

முட்டம் கடற்கரை வீடியோவும் அப்படித்தான். அலை வந்து காலை நனைத்ததும் அவள் கத்திக்கொண்டு ஓடிவருவாள், அதோடு முடியும். இதில் ஓடிவந்தாள், நின்றாள், கரையில் ஆள் எல்லாம் போன பிறகும் நின்றாள். நிற்க நிற்க கவுன் முட்டிக்கு மேலே ஏறியது. கவுன் ஏறவில்லை. அவள் வளர்ந்துகொண்டிருந்தாள்.

“அத்தான், சாயா கொண்டாரட்டா?”

வாசலில் அவன் மனைவி சுபிதா நின்றாள். மாளு போனபிறகு அவள் இ-சேவை மைய வேலையை விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், படுக்கச் சொன்னால் படுப்பாள். ஹரிகுமார் வீடியோவை மூடப் போனான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

மெதுவாக வந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“பல்லு மொளச்சிட்டு, பாத்தியளா?” என்றாள். “முன்பல்லு. விழுந்ததுதானே அது. மொளச்சிட்டு அத்தான்.”

“சுபி, இது மாளு இல்ல.”

“பின்ன யாரு?”

ஹரிகுமார் எழுந்தான். போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்; வீட்டுக்குள் சரியாக டவர் கிடைக்காது. காற்று வாயை அடைத்தது.

“லே ரெனிஷே, நீ தந்த டிஸ்க் பழசா?”

“புத்தம் புதுசு மக்கா. சீல ஒடச்சதே நீதானே? என்ன, வேல செய்யல்லியா?”

“அதுக்குள்ள பைல் கெடக்கு.”

“பார்மட் பண்ணினியா?”

“பண்ணினேன்.”

“அப்பம் ஒண்ணும் கெடக்காதே.” ரெனிஷ் காது கொடுத்துக் கேட்டான். “பிள்ள யாரு பக்கத்துல? சிரிக்கது கேக்குவு.”

ஹரிகுமார் திரும்பிப் பார்த்தான். வாசல் காலியாக இருந்தது. காற்று மட்டும். போனை அணைத்துவிட்டு உள்ளே ஓடினான்.

சுபிதா அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு பச்சைக் கோடு கடைசிவரை ஓடி மறைந்தது.

“என்ன செஞ்ச?”

“புதுச எடுத்து பழசுக்கு மேல போட்டுட்டேன். எல்லாத்தையும் மாத்தவான்னு கேட்டுச்சி. மாத்துன்னு குடுத்தேன்.”

“ஏட்டி, அதுலதானே நம்ம பிள்ள இருந்தா!”

“அதுல அவ செத்துப் போயிருக்கா அத்தான்.” அவள் குரல் அமைதியாக இருந்தது. “இதுல சாகல்ல.”

பழைய டிஸ்க் ஒருமுறை டிக் என்றது. நீளமாக ஒரு மூச்சு இழுத்ததுபோல முனகியது. அப்புறம் சத்தமில்லை. திரையிலிருந்து அதன் பெயரும் போய்விட்டது. மகளுடைய உண்மையான சிரிப்பு இனி எங்கேயும் இல்லை என்பது ஹரிகுமாருக்குப் புரிந்தபோது, அவனால் அழக்கூட முடியவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்தான்.

சுபிதா எழுந்து அடுக்களைக்குப் போனாள். பானை மூடி திறக்கிற சத்தம். நெய் மணம். தட்டில் சோறும் பருப்பும் பிசைந்து, மேலே ஒரு பப்படத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டு, அவனைக் கடந்து பின்னறைக்கு நடந்தாள். மாளுவின் அறை. இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த அறை.

“சுபி, எங்க போற?”

“பிள்ளைக்குப் பசிக்காதா?”

பூட்டு திறக்கிற சத்தம் இல்லை. கதவு கிறீச்சிட்டது. மூடியது.

வெயில் போய்விட்டது. இறக்கையின் நிழலும் இல்லை. அது சுற்றுகிற சத்தம் மட்டும் இருட்டுக்குள்ளிருந்து வந்தது. புது டிஸ்க் மெல்ல உறுமியது. திரையில் ஒரு வீடியோ தானாகத் திறந்தது.

பின்னறை. கட்டில். கட்டிலில் மாளு, சம்மணம் போட்டுக்கொண்டு. எதிரே சுபிதா. ஒரு உருண்டை ஊட்டினாள். மாளு வாங்கிக்கொண்டாள். இன்னொன்று. சுபிதா சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை.

ஹரிகுமார் எழுந்து ஓடினான்.

பின்னறைக் கதவில் பூட்டு தொங்கியது. துருப்பிடித்த பூட்டு. தோளால் இடித்தான். மறுபடி இடித்தான். கொண்டி பெயர்ந்தது. உள்ளே இருட்டு. போன் வெளிச்சத்தில் கட்டில் தெரிந்தது. விரிப்பில் தூசி. தரையில் தூசி. அதில் ஒரு காலடிகூட இல்லை.

“சுபி!”

அடுக்களையில் இல்லை. மாடியில் இல்லை. முற்றத்தில் இல்லை.

திரும்பி வந்தான். திரையில் சுபிதா சிரிக்கவில்லை. தட்டு மாளுவின் மடியில் இருந்தது. இப்போது மாளு ஊட்டினாள். சுபிதா தலையை ஆட்டினாள். போதும் என்று கையைத் தூக்கினாள். சின்னக் கை ஒன்று அவள் தாடையைப் பிடித்தது. திறந்தது. ஒரு உருண்டை உள்ளே போனது.

கேபிளைப் பிடுங்கினான். திருகுகள் தெறிக்க டிஸ்க்கை உருவி எடுத்தான். கையில் அது சூடாக இருந்தது. கம்பி எதுவும் இல்லாமல் உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது.

படம் நிற்கவில்லை.

சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான்.

நிற்கவில்லை.

சுபிதாவின் கன்னம் இரண்டும் புடைத்திருந்தன. விழுங்க முடியவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அந்தக் கண்கள் மெல்லத் திரும்பி ஹரிகுமாரைக் கண்டுகொண்டன. தட்டில் சோறு குறையவே இல்லை. மாளு அம்மாவின் தொண்டையை விரலால் அன்பாகத் தடவிக் கொடுத்துவிட்டு, அடுத்த உருண்டையை உருட்டினாள்.