மறுத்தால் இரண்டு மடங்கு

அண்ணன் விபத்தில் போய் மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியான வேளையில், தங்கை அவன் அறைக்குள் நுழைந்தாள். வேலை என்னவோ சாதாரண வேலைதான். கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக அண்ணன் ஒரு கணினி நிரல் தொகுப்பு எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஊருக்கே இலவசமாகக் கொடுத்திருந்தான். ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பைக் காட்டும் பெட்டிகள்கூட அதை நம்பித்தான் ஓடின. இப்போது கருவிகள் பேசிக்கொள்வதற்கான புதிய விதிமுறை வெளியாகிவிட்டது. பழைய முறையில் வரும் இணைப்பை இனி உள்ளே விடக் கூடாது, அந்த வழியில் கண்டவனும் புகுந்துவிடலாம் என்று அது கண்டிப்பாகச் சொன்னது. மாற்றி எழுத இவளை விட்டால் நாதியில்லை.

அறையில் அவன் இருமலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாடை.

"ஜன்னலைத் திறந்து வைக்கக் கூடாதா அண்ணி?"

"திறந்துதான் வச்சேன். தானா சாத்திக்குது." அண்ணி படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "சீக்கிரம் முடிச்சுட்டு வா. எனக்கு என்னமோ போல இருக்கு."

அண்ணி போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய வழிக்கான வரிகளை அழித்துவிட்டு, அண்ணனின் மேசைக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்தாள். உடனே திரையில் ஒரு வரி வந்தது.

பழைய முறை இணைப்பு. அனுப்பியது: சுண்டெலி. மறுக்கப்பட்டது.

சுண்டெலி என்பது அண்ணன் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயர். தன் மடிக்கணினிக்கும் அதையே வைத்திருந்தான். அந்த மடிக்கணினி விபத்தில் அவனோடு சேர்ந்து நொறுங்கிப்போனது.

ஒரு விநாடியில் மறுபடி வந்தது. பிறகு இரண்டு விநாடியில். நான்கில். எட்டில். அந்த ஏற்பாட்டை எழுதியவனே அவன்தானே: மறுத்தால் இரண்டு மடங்கு பொறு, மறுபடி தட்டு.

கணினியின் மின்செருகியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. அப்பாடா.

பதினாறாவது விநாடி.

டொக்.

சாத்தியிருந்த அறைக் கதவில்.

"அண்ணி, நீங்களா?"

"நான் அடுப்படியில இருக்கேன்!" குரல் தூரத்திலிருந்து வந்தது.

முப்பத்திரண்டு.

டொக்.

"சுண்டெலி... பழைய வழியைத் திற. எனக்கு வேற வழி தெரியலடி."

அண்ணன் குரலேதான். அவள் அழுதுவிட்டாள். கை தானாகச் செருகியை நோக்கிப் போனது. ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டிகளோடு கட்டிலில் கிடப்பவர்கள்? திறந்தால் அவன் மட்டுமா வருவான்?

"முடியாதுண்ணா. மன்னிச்சுக்கோ."

அன்று சாயங்காலமே தன் வீட்டிலிருந்து புதிய பதிப்பை வெளியிட்டாள். தட்டுவது நிற்கவில்லை. விநாடிகள் இரட்டித்து இரட்டித்து மணிகளாகி, ஒன்றரை நாள் கழித்து, பிறகு மூன்று நாள், பிறகு ஆறு நாள். அவள் எந்த அறையில் இருக்கிறாளோ அந்தக் கதவில்.

"இடைவெளி கூடிக்கிட்டேதானே போகுது," என்று அண்ணி போனில் தேற்றினாள். "ஒருநாள் விட்டுடும், பாரு."

அதுவும் சரிதான். எத்தனை தடவைக்குப் பிறகு விட்டுவிடும் என்று பார்க்க அண்ணனின் நிரலைத் திறந்தாள். அந்த இடத்தில் அவன் எண் எதையும் எழுதவில்லை. 'திறக்கும்வரை' என்று மட்டும் குறித்து வைத்திருந்தான்.

தைல வாடை மெல்ல வந்தது.

கடைசியாகத் தட்டியதிலிருந்து அன்று பன்னிரண்டாம் நாள்.

டொக்.