வெள்ளி செவ்வாயில் வராதவர்

கனகசபேசனின் உடல் கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் ஒதுங்கியபோது பையில் போன் இருந்தது, பர்ஸ் இருந்தது. சாவிக்கொத்து மட்டும் இல்லை. அதை ஆறு கொண்டுபோயிருக்கும் என்று சொல்லி, தற்கொலை என்று முடித்துவிடும் அவசரத்தில் இருந்தது ஸ்டேஷன். சப்-இன்ஸ்பெக்டர் அனுப்பிரியாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அன்று காலை மனைவியோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியவராம். அதற்கெல்லாம் ஆற்றில் குதிப்பதென்றால் ஊரில் பாதி ஆண்கள் மிச்சமிருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை. சிதம்பரம்.

கதவைத் திறந்த கனகசபேசனின் மனைவி தாட்சாயிணி முகம் சுளித்தாள். துக்க வீட்டுக்கு வெள்ளிக்கிழமையில் யாரும் வரமாட்டார்களே என்றாள். போலீசுக்குக் கிழமை கிடையாது என்று சொல்லிவிட்டு அனுப்பிரியா உட்கார்ந்தாள்.

கனகசபேசன் கடலூரில் ஒரு கட்டடக் கம்பெனி இன்ஜினியர். வீட்டு விளக்கு, ஃபேன், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரு செயலியில் கோத்து, விளையாட்டாக ஒரு ஷார்ட்கட் செய்து வைத்திருந்தார். அவர் வந்தால் வாசல் விளக்கு தானாக எரியும், கூடத்து ஃபேன் சுற்றும், ஸ்பீக்கரில் அவர் குரலே கேட்கும்: ‘தாட்சா, வந்துட்டேன்.’

காரியம் முடிந்த பிறகும் அது கேட்கிறது.

மாமியார் லலிதாம்பாள் அந்தக் குரலை ஒருதரம்தான் கேட்டார். என்ன சொல்லி என் பிள்ளையை அனுப்பினாயோ, ஆவி அடங்காமல் அலைகிறான் என்று மருமகளைச் சபித்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து பேச்சே இல்லை.

“அவுங்க குரல் கேக்குறப்பல்லாம், நான்தான் கொன்னுட்டனான்னு அவுங்களையே கேக்கணும்னு வாசலுக்கு ஓடுறேன் மேடம்,” என்றாள் தாட்சாயிணி. “துக்கம் கேக்க வந்தவுங்க யாராச்சும் நிப்பாங்க. அவுங்க இருக்க மாட்டாங்க.”

“இன்னைக்கு வருவாரா?”

“வெள்ளி, செவ்வாயில அவுங்க வர்றதில்ல.”

அனுப்பிரியாவுக்கு முதுகு சில்லிட்டது. தாட்சாயிணியின் போனை வாங்கி, அவள் தொட்டே பார்க்காத அந்தச் செயலியைத் திறந்தாள். ஷார்ட்கட்டின் நிபந்தனையில் நேரமும் இல்லை, போனும் இல்லை. ‘சாவி வாசலுக்கு வந்தால்’ என்று மட்டும் இருந்தது. சாவிக்கொத்தில் காசு மாதிரி ஒரு புளூடூத் வில்லை தொங்கும் என்றாள் தாட்சாயிணி.

அடிக்கடி வந்துபோகிறவர்கள் யார் யார் என்று விசாரித்தாள். பக்கத்து வீட்டு ஞானாம்பாள், நாத்தனார், அப்புறம் கடலூரிலிருந்து காரில் வரும் சிவசுப்ரமணியன். கணவரின் கம்பெனிக்காரர், தங்கமானவர், ஆபீஸ் பேப்பர் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் அக்கறையாகக் கேட்பாராம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை.

அனுப்பிரியா கூடத்தில் காத்திருந்தாள். வாசல் விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. ‘தாட்சா, வந்துட்டேன்.’ காரணம் தெரிந்தும் அவளுக்கு உடம்பு புல்லரித்தது. தாட்சாயிணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வெளியே காரை நிறுத்திவிட்டுச் சிவசுப்ரமணியன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“கனகசபேசன் உங்க கார்ல எப்ப ஏறுனாரு?”

“அன்னைக்கு அவரப் பாக்கவே இல்லன்னு ஸ்டேஷன்ல அப்பவே சொன்னேனே மேடம்.”

“காரைத் தொறங்க.”

முன் சீட்டுக்கடியில், இருட்டான சந்தில், சாவிக்கொத்து கிடந்தது.

“செத்தவங்களுக்கு வெள்ளி, செவ்வாய் கிடையாது சார். துக்கம் விசாரிக்க வர்றவங்களுக்குத்தான் உண்டு,” என்றாள் அனுப்பிரியா. “அதனால விளக்கு எரிஞ்சது ஆவியால இல்ல, வந்த ஆளால. ஆத்துல நனையாத சாவி, வந்தவங்க யாரோடயோ இருக்கணும். கைல இருந்தா தூக்கிப் போட்டிருப்பாங்க, தெரியாமக் கெடக்கணும்னா கார்லதான். கார்ல வர்றவரு நீங்க ஒருத்தர்தான்.”

பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் கம்பியைக் குறைத்துப் போட்டவர் சிவசுப்ரமணியன். அது பற்றிய விசாரணையில் உண்மையைச் சொல்லப் போவதாகக் கனகசபேசன் சொல்லிவிட்டார். பேசிக்கொண்டே வீட்டில் விடுகிறேன் என்று அவரைக் காரில் ஏற்றி, துறைமுகத்துப் பக்கம் இறக்கி, கெஞ்சி, மிரட்டி, கடைசியில் ஆற்றில் தள்ளிவிட்டதை ஒப்புக்கொண்டார். ஏதாவது ஆதாரம் கிடைக்குமா என்றுதான் வீட்டுக்கு நடையாய் நடந்தார். ஆளைக் கொல்லத் துணிந்தவருக்கு வெள்ளிக்கிழமையில் துக்க வீட்டுப் படியேறத் துணிவில்லை. பழக்கம் அப்படி.

சிவசுப்ரமணியனை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பிய பிறகு தாட்சாயிணி அனுப்பிரியாவிடம் கேட்டாள். “இனிமே அந்தக் குரல் கேக்காதுல்ல?”

“கேக்காது. சாவி கோர்ட்டுக்குப் போவுது.”

“அவுங்க கார்ல ஏறுனது எங்க போறதுக்கு?”

“வூட்டுக்குத்தான். உங்க கிட்ட சண்டை போட்டது சங்கடமா இருக்கு, வெரசா போகணும்னு சொன்னாராம்.”

தாட்சாயிணி அழவில்லை. போனை எடுத்து எண்ணைத் தேடினாள். வெகுநேரம் அடித்த பிறகுதான் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

“அத்தை,” என்றாள். “உங்க புள்ள வூட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாங்க.”