லேமினேட் செய்த ரிப்போர்ட்

இரண்டாவது தட்டு ரொட்டி அடுப்பிலிருந்து இறங்குவதற்குள் மாமியார் அலமாரியைத் திறந்துவிட்டாள். கீழே பேக்கரி, மாடியில் குடித்தனம். மேலே குரலை உயர்த்தினால் கீழே மாவு பிசைகிற மகனுக்குக் கேட்கும். அதற்காகவே அவள் உயர்த்தினாள்.

"என் புள்ளையோட ரிப்போர்ட்டை நீங்களே பாருங்க! விந்தணு எண்ணிக்கை, ஓட்டம் எல்லாம் நார்மல்... குறை இவகிட்டதான்!"

எதிரே தரகர் அம்மாள். மகனுக்கு இரண்டாம் கல்யாணம் பேச வந்திருந்தாள். நாலு வருஷத்துக்கு முந்தின அந்தக் காகிதத்தை மாமியார் லேமினேட் செய்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மெடல் மாதிரி காட்டிக்கொண்டிருந்தாள்.

சமையலறை வாசலில் மருமகள் நின்றாள். மூன்றாவது கருவும் கலைந்து இருபத்தோரு நாள். வலிக்கிறது என்று சொல்லக்கூட அந்த வீட்டில் ஆளில்லை.

அவளிடம் இன்னொரு ரிப்போர்ட் இருந்தது. இரண்டாவது கரு கலைந்தபின் டாக்டர் அவள் கணவனுக்குப் புதிதாக ஒரு சோதனை எழுதினார். மாதிரி கொடுத்துவிட்டு வந்தவனால் மறுபடி அடுப்பை விட்டு வர முடியவில்லை. முடிவை வாங்க இவள்தான் போனாள். எண்ணிக்கை சரிதான், ஆனால் பாதி விந்தணுக்களுக்குள் டிஎன்ஏ உடைந்திருக்கிறது, கரு தங்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். "அடுப்புச் சூடு, சிகரெட், ரெண்டையும் விடச் சொல்லும்மா. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்காம்" என்று சொல்லிவிட்டாள். பழி தன்னோடு போகட்டும் என்று பதினோரு மாதமாக எல்லா ஏச்சையும் விழுங்கினாள்.

"பொண்ணுக்கு இருபத்தி மூணு வயசு. வாய் பேசத் தெரியாத சாது" என்றாள் தரகர் அம்மாள்.

மருமகள் வாசலை விட்டு முன்னே வந்தாள்.

"அந்தப் பொண்ணு வேண்டாம் அத்தை!"

"ஏன், வயித்தெரிச்சலா?"

"அவளுக்கும் இதே கதிதான் ஆகும் அத்தை... நான் பட்டது போதும்!"

பீரோவில் விரித்திருந்த தாளுக்கடியிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சத்தம் கேட்டு மேலே வந்த கணவன் மாவுக் கையோடு அதை எடுத்து உரக்கப் படித்தான். தரகர் அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினாள்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு..."

"மூணு மாசம்தானே கேட்டாரு! அடுப்புக்கு ஒரு ஆளைப் போட்டிருப்பேனே... சிகரெட்டைத் தொட்டிருக்க மாட்டேனே! இந்தக் கடைசிப் புள்ளையாவது தங்கியிருக்குமோ என்னவோ..."

அவள் இதை நினைத்ததே இல்லை. அவனைக் காப்பாற்றுவதாக எண்ணி, பெற வேண்டிய பிள்ளையையே பறிகொடுத்துவிட்டோமா? தரையில் உட்கார்ந்தாள்.

மாமியார் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "பாவி நான்டி! நான் பேசின பேச்சுக்குப் பயந்துதானே வாயை மூடிக்கிட்ட... என்னை அடிச்சிருக்கக் கூடாதா?"

கையிலிருந்த பழைய ரிப்போர்ட்டைக் கிழிக்கப் பார்த்தாள். வளைந்தது, கிழியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.

"கிழிய மாட்டேங்குதேடி..."

கீழே மூன்றாவது தட்டு கருகும் வாடை மேலே வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.