சூஸ் நகரில் உடைந்த ஸ்வரம்

ஹியாம் வந்து நின்றபோது ஜார்ஜெத் ரொட்டியைப் பிய்த்து முட்டைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நஜ்லா, இந்தத் துனிசியாக்காரர்கள் விடிந்ததும் விடியாததுமாக எப்படித்தான் இவ்வளவு மிளகாய் விழுதைத் தின்கிறார்களோ என்று முணுமுணுத்தபடியே, அதே மிளகாய் விழுதை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

ஹியாமின் கண்கள் வீங்கியிருந்தன. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தவள் சுற்றிவளைக்கவில்லை.

"ஜார்ஜெத் அக்கா, எனக்கு யாரோ என்னமோ பண்ணிட்டாங்க. யாருன்னு நீதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

லெபனானிலிருந்து போட்டிக்காகத் துனிசியாவின் சூஸ் நகருக்கு வந்திருந்த ஸஹ்லே நகரத்துப் பாடகர் குழுவில் எது காணாமல் போனாலும், எவர் மேல் சந்தேகம் விழுந்தாலும், எல்லாரும் ஜார்ஜெத்திடம்தான் வருவார்கள். பெய்ரூத் துறைமுகச் சுங்கத்தில் காலம் முழுக்க அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவள் அவள். ஆள் முகத்தைப் பார்க்க மாட்டாள், பெட்டியைத்தான் பார்ப்பாள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். நஜ்லாவோ மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அதனால் உலகத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு விஷம் இருக்கும் என்பது அவள் நம்பிக்கை. பாடகர் வரிசையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். வெளியூர்ப் பயணம் என்றால் ஒரே அறை.

முந்தின நாள் மாலை நடந்தது ஊருக்கே தெரியும். போட்டியின் முதல் சுற்று. முதல் பாட்டில் வாத்தியம் கிடையாது. குழு முழுவதும் பின்னால் நின்று பாட, ஹியாம் மட்டும் முன்னால் வந்து தனியாகப் பாட வேண்டிய பாட்டு. கடைசியில் வரும் உச்ச ஸ்வரத்தில் அவள் குரல் பிளந்து, பீங்கான் தட்டு கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. சபையே ஒரு கணம் மூச்சடங்கிப் போயிற்று. இரண்டாவது பாட்டு நன்றாக அமைந்ததால் இறுதிச் சுற்றுக்கு எப்படியோ தேறிவிட்டார்கள். ஆனால் இன்று மதிய ஒத்திகையில், நாளைய இறுதிச் சுற்றில் குழுவின் இன்னொரு பாடகி ஜூமானாதான் தனியாகப் பாடுவாள் என்று உஸ்தாத் நக்கூலா அறிவிக்கப்போகிறாராம். குழுவை நடத்துகிறவர் அவர். அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் வந்ததுதான்.

"என் பாட்டு போயிடும் அக்கா. அதைவிட, வெளியூர்ல மானத்தை வாங்கினவன்னு ஆயுசுக்கும் பேர் நிக்கும்," என்றாள் ஹியாம்.

நஜ்லா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே நடந்தது வேறு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நேற்று அந்தக் குரல் உடைந்தபோது அவளுக்கு இனித்தது. பின்னே என்ன? குரலும் இவளுக்கே, நிறமும் இவளுக்கே, அதே குழுவில் பாடிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிற தௌஃபிக் மாதிரிப் புருஷனும் இவளுக்கேவா? கடவுள் பரிமாறும்போது இவள் மட்டும் அடுப்படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளோ என்று நஜ்லா பல தடவை பொருமியிருக்கிறாள். குழுவில் அப்படிப் பொருமாத பெண் யாரும் இல்லை.

ஜார்ஜெத் ஒவ்வொன்றாகக் கேட்டாள். மேடை ஏறும் முன் ஹியாம் குடித்தது ஜூமானா பிளாஸ்கில் கொண்டுவந்த சோம்புத் தண்ணீர் மட்டும். தொண்டையில் வலி இல்லை. இருமல் இல்லை.

"நாலு வருஷமா அந்த ஸ்வரத்தைப் பாத்திரம் கழுவுறப்போகூடப் பாடுறேன். நேத்து எட்டினா அது அந்த இடத்துல இல்ல. இன்னும் மேல போய் உக்காந்திருந்துச்சு. எல்லாரும் தொண்டைங்கறாங்க, மிளகாய்ங்கறாங்க, தூசிங்கறாங்க. தௌஃபிக் மட்டும் முதுகைத் தடவிக்கொடுத்து, 'விடு, அவ்வளவு உயரத்துக்கு யார் போனாலும் உடையத்தான் செய்யும்'னான்."

இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். துனிஸ் நகரத்தில் பெரிய பாடகர் குழு நடத்தும் மதாம் எம்னா, வந்த அன்றே இவள் பாடியதைக் கேட்டுவிட்டு, ஒரு வருஷம் தங்கித் தன் குழுவில் தனிப்பாடகியாகப் பாட அழைத்திருந்தாள். இறுதிச் சுற்று முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். இது தௌஃபிக்கைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள் ஜார்ஜெத்.

"உன் இஷ்டம்னான். அவ்வளவுதான்."

ஹியாம் அந்தப் பக்கம் போனாளோ இல்லையோ, நஜ்லா ஜார்ஜெத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சோம்புத் தண்ணீர்தான், சந்தேகமே இல்லை என்றாள். நாக்கையும் தொண்டையையும் மரத்துப்போக வைக்கிற மருந்துகள் என்னென்ன உண்டு என்று அடுக்கத் தொடங்கினாள். ஜார்ஜெத் மறுத்துப் பேசாமல், ஜூமானாவிடமே கேட்டுவிடலாம் என்று எழுந்தாள்.

ஜூமானா விடுதி முற்றத்தில் வெயிலில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். நஜ்லாவின் குற்றச்சாட்டைக் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஆமா, எனக்குப் பொறாமைதான். அவ வாயைத் திறந்தா என் வயிறு எரியும். இதை நான் அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன். உன்னை மாதிரி கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்துட்டு, ரூமுக்குப் போய்ப் புலம்புறவ இல்ல நான்."

நஜ்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அதே பிளாஸ்கிலிருந்து தானும் குடித்ததாக ஜூமானா சொன்னாள். ஜார்ஜெத்தும் ஆமாம் என்றாள். அவளும் அதிலிருந்து ஒரு மடக்கு குடித்திருந்தாள், அவள் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. விஷம் அதோடு போயிற்று.

அடுத்து நஜ்லா பிடித்தது உஸ்தாத்தின் இசைக்கவையை. முழங்கையில் தட்டிக் காதருகே வைத்தால் ஒரே ஒரு ஸ்வரத்தைச் சொல்லும் இரும்புக் கவை அது. அந்த ஸ்வரத்தில்தான் அந்தப் பாட்டின் சுருதி, அதாவது மூன்று ஆண்கள் அடியில் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே ஸ்வரம், ஆரம்பிக்கும். யாராவது அதை அரத்தால் ராவி வைத்திருந்தால்? உஸ்தாத் நக்கூலாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. மேடை ஏறும் முன் அரங்கத்துப் பியானோவோடு ஒத்துப் பார்த்தேன், அணுவளவும் மாறவில்லை என்று குரல் உயர்த்தினார்.

"ஆரம்பிச்சது சரியான இடத்துல. முடிச்சது மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். நீங்க இறங்காம என்னிக்குப் பாடியிருக்கீங்க? அதுவும் மதியம் அவ்வளவு கூஸ்கூஸைத் தின்னுட்டு," என்றார்.

அது உண்மைதான். வாத்தியம் இல்லாமல் பாடினால் எந்தக் குழுவும் களைத்துக் களைத்துக் கொஞ்சம் கீழே இறங்கும். 'தூக்குங்க, தூக்குங்க' என்று கத்திக் கத்தியே உஸ்தாத்தின் பாதித் தலைமுடி கொட்டிவிட்டது.

திரும்பி நடக்கும்போது நஜ்லா சலிப்போடு புலம்பிக்கொண்டே வந்தாள். கவையும் சரி, தண்ணீரும் சரி, அப்புறம் கண் திருஷ்டிதான் என்றாள். பிறகு, பியானோ வாசிக்கிறவனுக்கும் நேற்று என்னமோ ஆகியிருக்கிறது என்றாள்.

"என்ன ஆச்சு அவனுக்கு?"

"ரெண்டாவது பாட்டுக்கு அவன் முதல் கட்டையைத் தட்டினான் பாரு, எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. ரொம்பக் கீழ ஆரம்பிச்ச மாதிரி இருந்துச்சு. மாடிப்படி முடிஞ்சுதுன்னு நினைச்சு கால் வெச்சா, இன்னும் ஒரு படி கீழ இருக்குமே, அந்த மாதிரி."

ஜார்ஜெத் நின்றுவிட்டாள். அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். நஜ்லா சொன்னாள். ஜார்ஜெத் ஒன்றும் விளக்காமல், போட்டி நடத்துகிறவர்களின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று மட்டும் விசாரித்தாள். எல்லாக் குழுக்களும் பாடுவதை அவர்கள் பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

ஒத்திகைக்குக் கொஞ்ச நேரம் முன்னால் சிறிய அறை ஒன்றில் ஐந்து பேரை மட்டும் அவள் வரச்சொன்னாள். உஸ்தாத், ஹியாம், தௌஃபிக், ஜூமானா, நஜ்லா. கதவைச் சாத்தினாள்.

பதிவின் தொடக்கத்தைப் போட்டு, உஸ்தாத்தைக் கவையைத் தட்டச் சொன்னாள். சுருதியும் கவையும் ஒன்றாகவே ஒலித்தன. பிறகு பாட்டின் கடைசிக்குப் போனாள். இந்தத் தடவை கவையின் ஸ்வரம் கீழே தனியாகக் கிடந்தது. உஸ்தாத் இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"ஏறியிருக்கு. அரை ஸ்வரத்துக்குக் குறையாம ஏறியிருக்கு. எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றார்.

"நீங்க இறங்குதான்னுதானே காதைத் தீட்டி வெச்சிருந்தீங்க. ஏறும்னு யார் நினைப்பாங்க?" என்றாள் ஜார்ஜெத். "எல்லாரும் ஒண்ணா ஏறினதால எங்கயும் இடிக்கவே இல்ல. பியானோ ஏறல, அது வந்தப்போதான் படி தட்டுச்சு. அது இதோ, நஜ்லா காதுலதான் விழுந்துச்சு. ஹியாம் தொண்டைக்கு ஒண்ணும் ஆகல. அவ பாட வேண்டிய ஸ்வரத்தைத்தான் யாரோ தூக்கி மேல வெச்சுட்டாங்க."

தன் பெயரைக் கேட்டதும் நஜ்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தூக்கி வைத்தது ஜூமானாதான் என்று உடனே சொன்னாள். ஜார்ஜெத் தலையை அசைத்தாள். மேல் குரல்காரர்கள் தனியாக ஏறினால் சுருதியோடு மோதும், அடுத்த நொடியே வெட்கப்பட்டு இறங்கிவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து தேவாலயத்தில் நமக்குச் சொல்லித் தந்தது என்ன என்று கேட்டாள். என்ன ஆனாலும் சுருதியில் சாய்ந்துகொள், சுருதி ஆற்றில் இறங்கினால் நீயும் இறங்கு. வேறு ஊர்க் குழுவாக இருந்தால் யாராவது முரண்டியிருப்பார்கள். ஸஹ்லேக்காரர்கள் முரண்ட மாட்டார்கள்.

"சுருதி பிடிக்கிறது மூணு பேர். அதுல ரெண்டு பேருக்கு மூச்சு பத்தாது. விட்டு விட்டுப் பிடிப்பாங்க. ஒவ்வொரு தடவை திரும்ப வந்து சேரும்போதும் நடுவுல நிக்கிறவனைக் கேட்டுத்தான் சேருவாங்க. அவங்களால எதையும் நகர்த்த முடியாது. நகர்த்தக்கூடியவன் ஒருத்தன்தான்."

நடுவில் நிற்பவன் தௌஃபிக். யாரும் அவனைப் பார்க்கவில்லை. அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் நம்பப் பிடிக்கலதான்," என்றாள் ஜார்ஜெத், குரலை உயர்த்தாமல். "ஆனா நேத்து ராத்திரி எல்லாரும் தொண்டைன்னாங்க, தூசின்னாங்க. உயரம்னு சொன்னது நீ ஒருத்தன். இவ தினமும் பாடுற ஸ்வரம் நேத்து மட்டும் உயரமா இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும் தௌஃபிக்?"

வெளியே தாழ்வாரத்தில் வேறு நாட்டுக் குழு ஒன்று சிரித்துப் பேசிக்கொண்டு போயிற்று. தௌஃபிக் மெதுவாகத்தான் பேசினான்.

"திட்டம் போட்டெல்லாம் பண்ணல. இவ முன்னால போய் நின்னா. அந்தத் துனிஸ் பொம்பள முதல் வரிசையில, ஏற்கனவே தனக்குச் சொந்தமான பொருளைப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கு வயிறு பத்திக்கிச்சு. கொஞ்சமா அழுத்தினேன், எல்லாரும் கூடவே வந்தாங்க. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். உடைஞ்சா அவ இவளை வேணாம்னுடுவா, இவ என்கூட வீட்டுக்கு வந்துடுவான்னு நினைச்சேன்."

நஜ்லா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். தான் இத்தனை நாளாய்ப் பார்த்துப் பொறாமைப்பட்ட புருஷன் இவன். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது காவலுக்குத்தானா என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. ஹியாமின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் நேற்று இனித்தது நினைவுக்கு வந்து கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

உஸ்தாத் கொதித்தெழுந்தார். இவன் நாளைக்கு மேடைப் பக்கமே வரக்கூடாது, மற்ற இருவரும் சுருதி பிடிக்கட்டும் என்றார். ஜூமானாகூட, பாட்டு ஹியாமுக்கே இருக்கட்டும், இப்படிக் கிடைத்தால் எனக்கு வேண்டாம் என்று முறைப்பாகச் சொல்லிவிட்டாள். ஹியாம் எழுந்தாள்.

"தௌஃபிக்தான் பிடிக்கணும் உஸ்தாத். அந்த ரெண்டு பேரை நம்பி என்னால ஏற முடியாது. மறுபடியும் தூக்கினான்னா தூக்கட்டும். ஏறப்போகுதுன்னு தெரிஞ்சா நானும் ஏறிக்குவேன்," என்றாள். புருஷனின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை தௌஃபிக் நடுவில் நின்று சுருதி பிடித்தான். நஜ்லா பாடியதைவிட அவனைக் கேட்டதுதான் அதிகம். சுருதி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கல்லில் அடித்த ஆணி மாதிரி நின்றது. முதல் வரிசையில் மதாம் எம்னா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஹியாம் கடைசி ஸ்வரத்துக்கு ஏறினாள், எட்டினாள், வேண்டிய மட்டும் அங்கேயே இருந்துவிட்டு இறங்கினாள். கைதட்டல் எழுந்தபோது நஜ்லாவின் வயிறு வழக்கம்போல எரிந்தது. கண்ணும் கூடவே நனைந்தது. இரண்டும் சேர்ந்து வருவது அவளுக்குப் புதிது.

குழுவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. மேடைக்குப் பின்னால் எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டிருந்தபோது மதாம் எம்னா வந்து, ஹியாமின் கன்னங்களில் முத்தமிட்டு, பதில் என்ன என்று கேட்டாள். சரி, தங்குகிறேன் என்றாள் ஹியாம். எல்லார் காதிலும் விழும்படியாகவே சொன்னாள்.

மதாம் நகர்ந்ததும் தௌஃபிக் கிட்டே வந்தான். இரண்டு பேருடைய அங்கிகளும் அவன் கையில் மடித்துக் கிடந்தன.

"நிஜமாவே இருக்கப் போறியா?"

"அவ கேட்ட அன்னிக்கே வேணாம்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன் தௌஃபிக். எனக்கு ஸஹ்லே போதும். ஆனா உன்கிட்ட சொன்னப்போ, போகாதேன்னு ஒரு வார்த்தை வரும்னு பாத்தேன். நீ உன் இஷ்டம்னுட்டு, மேடையில வெச்சு என் குரலை உடைச்சே."

அவன் அங்கிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சுற்றி நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். நஜ்லாவையும் ஜார்ஜெத் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள். ஆனாலும் நஜ்லாவுக்குக் கேட்டது.

"இப்ப சொல்றேன் ஹியாம். போகாதே."

ஹியாம் அவன் கையிலிருந்து தன் அங்கியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டாள்.

"நேத்து வரைக்கும் இதைக் கேட்டிருந்தா நின்னிருப்பேன்," என்றாள்.