அவன் சொல்லாத ஆமென்

அன்று காலை எல்டர் ஆல்ரெட் ஆமென் சொல்லவில்லை. இருந்தும் அறைக்குள் ஆமென் கேட்டது.

ஆறரை மணி அலாரம் அடித்து, எல்டர் என்று அழைக்கப்படும் இளம் மிஷனரிகள் இருவரும் தத்தம் கட்டிலோரம் முழங்காலிட்டு, முறைப்படி எல்டர் ஸ்டாடர்ட் வாய்விட்டு ஜெபித்து முடித்த நேரம். குளிர்கால ஜூலையில், சிலி நாட்டின் தெற்கிலுள்ள சீலோவே தீவுக்கு எட்டரை மணிக்குத்தான் விடியும். தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, ஈர விறகு புகைந்த கசப்பு வாடை கணப்பிலிருந்து எழுந்து போர்வையிலும் சட்டையிலும் நாக்கிலும்கூட ஒட்டிக்கொள்ள, பலகைச் சுவரின் இடுக்கு வழியே நுழைந்த கடல்காற்று ஜன்னல் திரையை யாரோ மூச்சுவிடுவதுபோல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. ஸ்டாடர்ட் ஊரில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் பெயர் சொல்லி வேண்டினான். கடைசியில், "என் கூட்டாளி ஆல்ரெட்டோட மனசு லேசாகணும்" என்றும் வேண்டினான்.

ஒருவர் ஜெபித்தால் கூட இருப்பவர் ஆமென் சொல்ல வேண்டும். நீ கேட்டதையே நானும் கேட்கிறேன் என்று அதற்கு அர்த்தம். பேச்சு வந்த நாளிலிருந்து ஆல்ரெட் அதைத் தவறவிட்டதில்லை. இன்று வேண்டுமென்றே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

"ஆமென்."

தாழ்ந்த, ஈரமான குரல். ஜன்னல் பக்கமிருந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே நிற்க இடமே கிடையாது. கடலுக்குள் ஊன்றிய மரக்கால்களின் மேல் நின்ற வீடு அது. வெளியே மழை, கீழே ஏறிவரும் தண்ணீர், அவ்வளவுதான்.

ஸ்டாடர்ட் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "தேங்க்ஸ்டா."

"எதுக்கு?"

"நேத்துலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியே, ஆமென்கூட சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்."

ஆல்ரெட் டையை எடுத்துக் கட்டினான். முடிச்சு இரண்டு தடவை வழுக்கியது.

நேற்று நடந்தது இதுதான். சென்யோரா ஓரியானா சனிக்கிழமை ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதித்தாள். படகுத்துறையில் புகைபோட்ட சிப்பிகளைக் கோரையில் கோத்து மாலை மாலையாகத் தொங்கவிட்டு விற்பவள். ஐம்பது வயது, விதவை, வாய்க்குப் பூட்டு கிடையாது. நான்கு மாதமாக அவளுக்குப் பாடம் சொன்னது ஆல்ரெட். விறகு பிளந்து கொடுத்தது ஆல்ரெட். மழையில் கூரைமேல் ஏறித் தகரம் அடித்தது ஆல்ரெட். அமெரிக்காவின் ஐடஹோவை விட்டு வந்து பதினான்கு மாதமாகியும், தன் கையால் ஒருவரைக்கூடத் தண்ணீரில் இறக்கி எழுப்பியதில்லை அவன். வாரம்தோறும் போனில் அம்மா கேட்பாள்: "யாராவது வந்தாங்களா கண்ணா?" இந்த வாரம் ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று இருந்தான்.

ஆனால் யார் கையால் ஞானஸ்நானம் என்பதை எடுப்பவர்தான் சொல்ல வேண்டும். ஓரியானா சொன்னாள், "எனக்கு எல்டர் ஸ்டாடர்ட்."

ஸ்டாடர்ட் வந்து பத்தொன்பதே நாள். ஸ்பானிஷ் இன்னும் தடுமாறுகிறது. அவள் அடுப்பிலிருந்து எடுத்த உருளைக்கிழங்கு அடையைக் கைசுடத் தின்றுவிட்டு, இன்னும் ஒன்று என்று கேட்பான். அவ்வளவுதான் அவன் செய்தது.

"கோவிச்சுக்காதப்பா எல்டர் ஆல்ரெட்," என்றாள் அவள். "நீ நல்லாத்தான் சொல்லிக்குடுத்த. ஆனா உன்னப் பாத்தாலே எனக்குப் பரிட்சைக்கு வந்த மாதிரி இருக்கு. தண்ணின்னாலே எனக்கு நடுக்கம், என் புருஷன் போனதே கடல்ல. இவன் பக்கத்துல நின்னா சிரிச்சுக்கிட்டே இறங்கிருவேன்."

ஆல்ரெட் சிரித்துவைத்தான்.

அன்று, புதன்கிழமை, மதியச் சாப்பாடு அவள் வீட்டில். மேசையில் ஆவி பறக்கும் சிப்பிக் கஞ்சி, உத்தரத்திலிருந்து தொங்கும் கருத்த மாலைகள், அடுப்பின்மேல் உலரும் கம்பளிக் காலுறைகளின் வாடை. ஸ்டாடர்ட் உணவுக்காக ஜெபித்தான். ஆல்ரெட் மறுபடியும் உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"ஆமென்."

இந்த முறை அடுப்பின் பின்னாலிருந்து. இந்த முறை அது ஆல்ரெட்டின் குரல். அவனுடைய குரல்தான், ஆனால் அவனிடம் ஒருபோதும் இல்லாத ஒரு வெதுவெதுப்போடு.

ஓரியானா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "அட! இன்னிக்குத்தான் உன் வாயிலேர்ந்து மனசாரச் சொல்ற மாதிரி வருது. எங்க ஒளிச்சு வெச்சிருந்த இத?"

அடுப்பின் பின்னால் பார்த்தான் ஆல்ரெட். சுவரையொட்டி ஒரு ஆள் அகலத்துக்கு இருட்டு. தரைப் பலகையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கூரை ஒழுகுகிறதா என்று நிமிர்ந்தான். அவன் அடித்த தகரம். ஒழுகவில்லை.

பயம் வந்திருக்க வேண்டும். வந்ததும் உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அவள் அந்தக் குரலைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். தன்னைப் பார்த்து அல்ல.

வியாழக்கிழமை காலை, தானே ஆமென் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். ஸ்டாடர்ட் ஜெபத்தை முடித்ததும் வாயைத் திறந்தான். அரை மூச்சு முந்திக்கொண்டு, அவன் கட்டிலுக்கு மறுபுறமிருந்து, முழங்காலிட்ட ஒரு ஆளின் உயரத்திலிருந்து, "ஆமென்" வந்துவிட்டது. அவன் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

அன்று மாலை குளியலறையில் இருந்தான். இந்தப் பணியில் ஒருவன் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் இன்னொருவன் விலகவே கூடாது. இருபத்துநாலு மணி நேரமும் இருவர். அந்த ஒரு கதவுதான் விலக்கு. வெந்நீர் தீர்ந்து குழாய் உறுமி அடங்கியபோது, கதவுக்கு வெளியே ஸ்டாடர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது கேட்டது.

ஆல்ரெட் துண்டோடு வெளியே வந்தான். "யாரோட பேசிட்டிருந்த?"

"டேய், உன்னோடதான்!" ஸ்டாடர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கன்னுக்குட்டி உங்கப்பாவோட ஞாயித்துக்கிழம கோட்டத் தின்ன கத. உள்ள இருந்துக்கிட்டே என்னமா சொல்ற நீ! இத்தன நாளா உம்முன்னு இருந்தவனா இவன்?"

அந்தக் கதையை ஆல்ரெட் இந்த நாட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முழுதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தான். மிஷன் தலைவரைக் கூப்பிடலாம். என்னவென்று சொல்வது? என் குரல் என்னைவிட நல்லவனாக இருக்கிறது என்றா? தலை சரியில்லை என்று அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். சனிக்கிழமை அவளுடைய ஞானஸ்நானத்தைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. அவன் போனைப் பைக்குள் போட்டான்.

சனிக்கிழமை. மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. கூட்டம் ஐந்து மணிக்கு. ஜெபக்கூடத்து ஞானஸ்நானத் தொட்டி நிரம்ப இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் இருவரும் முன்னதாகவே வந்து குழாயைத் திறந்துவிட்டுக் காவல் இருந்தார்கள். காலிக் கூடம். மெழுகு பூசிய தரையின் வாடை. தண்ணீர் விழும் ஓசை சுவருக்குச் சுவர் அடித்துத் திரும்பியது.

ஸ்டாடர்ட் வெள்ளை உடையை எடுத்து நீட்டினான். "உன் அளவுதான். நீ இறங்கு."

"என்ன?"

"ஓரியானாகிட்ட பேசிட்டேன். நாலு மாசம் உழைச்சது அவன்தான், அவன் கையாலதான் நடக்கணும்னேன். சரின்னுட்டாங்க. இப்பல்லாம் அவன் நல்லாத்தான் இருக்கான்னு வேற சொன்னாங்க."

இப்பல்லாம். அந்த ஒரு வார்த்தை ஆல்ரெட்டின் காதுக்குள் கொதித்தது.

"நீ தூக்கிப் போட்டு நான் பொறுக்கிக்கணுமா? உன் பிச்சை எனக்கு வேண்டாம்."

"பிச்சையில்லடா. கேளு..."

"நீயே இறங்கு. நீயே சிரி. நீயே எல்லாம் பண்ணு."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவன் தனியாக இருந்தான். மழை முகத்தில் அறைந்தது. வாசல் கம்பிக்கதவு வரைக்கும் இருபது அடி. தெருமுனை வரைக்கும் இன்னும் நாற்பது. அங்கே நின்று மூச்சு வாங்கினான். ஒரு நாய் அவனைக் கடந்து போனது. மோந்துகூடப் பார்க்கவில்லை.

திரும்பியபோது கூடத்தின் ஜன்னல் வழியே ஸ்டாடர்ட்டின் குரல் வந்தது.

"வந்துட்டியா! போயிட்டேன்னு பயந்தேன். என்ன, நீயே பண்றியா?"

பதிலும் வந்தது.

"நானே பண்றேன். கோவத்துல ஏதோ சொல்லிட்டேன், மன்னிச்சுக்க."

அவன் குரல். அவனுக்குச் சொல்ல வராத வார்த்தைகள்.

ஓடினான். கதவு பூட்டியிருந்தது. தட்டினான். கைவலிக்கத் தட்டினான். சத்தம் வரவில்லை.

நேரம் போனது. எவ்வளவு என்று தெரியவில்லை. வேன் ஒன்று வந்து நின்றது. ஊர்ச் சபையின் கிளைத் தலைவர் டான் ரூபென் சாவியோடு இறங்கினார். "டான் ரூபென்! உள்ள இருக்கறது நானில்ல!" கத்தினான். தன் காதுக்கே கேட்கவில்லை. அவர் காலணியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு ஆல்ரெட்டின் மூக்குக்கு முன்னால் மூடியது. பின்னாலேயே வந்தவர்களுக்கெல்லாம் அது திறந்தது. அவன் பிடித்தால் இறுகியது.

ஓரியானா வந்தாள். குடை காற்றில் மடிந்து, தலை நனைந்து, சிப்பிப் புகை வாடையோடு. அவள் வழியை மறித்து நின்றான். "போகாதீங்க. சென்யோரா, போகாதீங்க." நடுவழியில் நிற்கும் கம்பத்தைச் சுற்றிப் போவதுபோல் அவனைச் சுற்றிக்கொண்டு போனாள்.

பின்பக்கம். தொட்டிக்கு நேர் மேலே ஒரு சிறிய ஜன்னல். விறகுக் குவியல்மேல் ஏறினான். கண்ணாடியில் முகத்தை அழுத்தினான்.

தண்ணீர் அடிவரை தெரிந்தது. நீல ஓடு ஒவ்வொன்றும் தெரிந்தது. எதிரே நாற்காலிகளில் இருப்பவர்களுக்குத் தொட்டியின் முன்சுவர் மறைக்கும். தலையும் தோளும்தான் தெரியும். அவனுக்கு எல்லாம் தெரிந்தது.

ஓரத்தில் சாட்சியாக ஸ்டாடர்ட். கோட்டும் டையுமாக. பூரித்துப்போயிருந்தான்.

வெள்ளை உடையில் ஒருவன் படி இறங்கினான். ஆல்ரெட்டின் தோள். ஆல்ரெட்டின் காது. தண்ணீர் அவனைச் சுற்றி அசையவே இல்லை.

ஓரியானா முதல் படியில் நடுங்கினாள். அது அவள் காதில் ஏதோ சொன்னது. அவள் சிரித்தாள். கலகலவென்று. சிரித்துக்கொண்டே இறங்கினாள். இந்த நிலையிலும் ஆல்ரெட்டுக்கு வயிறு எரிந்தது.

வலது கை உயர்ந்தது. எல்லோரும் தலைகுனிந்தார்கள். ஜெபம். பிறகு அவளைச் சாய்த்து முழுதும் அமிழ்த்தியது. வெள்ளைத் துணி உப்பிப் பரவியது. கூந்தல் பரவியது.

எழுந்தாள்.

கூடமே மூச்சுவிட்டது. டான் ரூபென் கண்ணைத் துடைத்தார். அவள் சிரித்தபடி படியேறினாள், ஸ்டாடர்ட் துண்டை நீட்டினான், யாரோ பாட்டைத் தொடங்கினார்கள். வெள்ளை உடைக்காரன் அவள் பின்னாலேயே ஏறினான். இருவரும் ஈரமாக, இருவரும் முகம் மலர்ந்து.

தொட்டியின் அடியில் ஓரியானா கிடந்தாள்.

ஆல்ரெட் கண்ணை மூடித் திறந்தான். மேலே, பெண்கள் சூழ்ந்து அவளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே, நீல ஓடுகளின்மேல், மல்லாந்து, கண் திறந்து, அவள். வாயிலிருந்து குமிழிகள். விரல்கள் ஓடுகளைப் பிறாண்டின. எழ முடியவில்லை.

கண்ணாடியை அடித்தான். முட்டியால். நெற்றியால். சத்தமில்லை.

ஸ்டாடர்ட்டும் அந்த வெள்ளை உடைக் கூட்டாளியும் தொட்டியின் முன்புறத் திரையை ஆளுக்கொரு பக்கமாக இழுத்து மூடினார்கள். பாட்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

தண்ணீருக்கு அடியில் அவள் கண்கள் அலைந்தன. திரையை. சுவரை. பிறகு மேலே. ஜன்னலில் வந்து நின்றன.

அவனை அடையாளம் கண்டுகொண்டாள். உதடுகள் அசைந்தன. ஆல்ரெட். ஆல்ரெட். நான்கு மாதத்தில் அவள் ஒருமுறைகூட அவனை இப்படிப் பார்த்ததில்லை, வேறு யாரையும் பார்க்காமல், இமைக்காமல், அவனை மட்டும்.