ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

காலை ஆறு மணிக்கு லாரிச் சாவியைக் காணோம். வீட்டுக்காரர் தலையணையைப் புரட்டினார், சட்டைப் பைகளை உதறினார், செருப்புக்குள்கூடக் கைவிட்டுத் துழாவினார். சமையலறை வாசலில் கையை இறுக மூடிக்கொண்டு நின்ற மனைவியை மட்டும் பார்க்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அவர் கண் நிறையப் பார்ப்பதெல்லாம் அந்த லாரியைத்தான்.

"சாவி என்கிட்ட இருக்கு," என்றாள் அவள். "இன்னைக்கு வண்டி போகக் கூடாது."

அவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

லாரிக்கு வயது இருபத்தாறு. மாமியார் அதைப் 'பெரியவன்' என்றுதான் சொல்வாள். பெற்ற பிள்ளை இரண்டாம் பட்சம். பெரியவனுக்கு வராத வியாதி இல்லை. மருமகளின் வளையல்கள் கிளட்ச் பிளேட்டாக மாறி அதற்குள்தான் ஓடிக்கொண்டிருந்தன. கழுத்துச் சங்கிலி பிரேக்குக்குப் போனது. அவள் ஒரு வார்த்தை முனகியதில்லை. ஆனால் அன்று விடியலில் என்ஜினில் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிப் பார்த்தவள் நேராகப் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டாள். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் விட்ட காப்பியாக இருந்தது! நான்கு நாளாகப் புகையும் வெள்ளை வெள்ளையாக வந்தது. சொல்லிப் பார்த்தாள்... யார் கேட்டார்கள்? அன்றைக்கோ சிமென்ட் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிற வேலை.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் வீட்டுக்காரர் கொட்டிவிட்டார்.

"தினமும் மத்தியானம் வண்டிய நிறுத்தி, சூடு ஆறுனதும் ரேடியேட்டரத் திறந்து பாக்குறேன். தண்ணி குறைஞ்சு கிடக்கு. காலையில ஊத்த வேண்டிய தண்ணிய ஊத்தாம ஏமாத்துறது நீ. எனக்கே வண்டியப் பத்திப் பாடம் எடுக்குறதும் நீயா?"

"ஊத்துறேங்க... ஒரு நாள் விடாம ஊத்துறேன்..."

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். அத்தையாவது தனக்காக வாய் திறப்பாளா என்று பார்த்தாள். அத்தை திறந்தாள். "விடும்மா. மறந்திருப்ப. மனுஷங்கதானே," என்றாள்.

புருஷன் போட்ட சத்தத்தைக்கூடத் தாங்கிக்கொண்டவளால் இந்தப் பரிவைத் தாங்க முடியவில்லை. உள்ளே போய் நான்கு உடுப்பைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். மெக்கானிக் பார்க்கட்டும், தப்பு தன்மேல் என்றால் சாவியையும் கொடுத்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். குரல் உயரவே இல்லை. அதனால்தானோ என்னவோ, அவரும் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, சாவி விஷயத்தையும் சொல்லிக் கூப்பிட்டார்.

மெக்கானிக்குக்கு அந்த வட்டாரத்தில் 'பத்தொன்பது' என்று பெயர். எந்த வண்டியைப் பார்த்தாலும் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரைத்தான் முதலில் கேட்பார். வந்தார், கேட்டார், ஆயில் குச்சியை மோந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"இது ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்குது?"

"ஒரு வாளி," என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

"ஊத்துறது யாரு?"

"நான்தான்," என்றார்கள், மறுபடியும் மூன்று பேரும்.

பத்தொன்பது ஒவ்வொருவராகப் பார்த்தார். விஷயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. மருமகள் விடியலில் ஒரு வாளி. கிழட்டு வண்டி, அவ்வளவு குடிக்கத்தான் செய்யும் என்று நினைத்திருக்கிறாள். வீட்டுக்காரர் மத்தியானம் ஒரு வாளி, மனைவியை மனதுக்குள் திட்டிக்கொண்டே. மாமியார் சாயங்காலம் ஒரு வாளி, யாருக்கும் தெரியாமல்.

"நீங்க எதுக்கு அத்தை ஊத்துனீங்க?"

"குறைஞ்சிருந்துச்சு. நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்... இவன் பாத்தா கத்துவானேன்னு நானே ஊத்திட்டு வாய மூடிக்கிட்டேன்."

"மூணு வாளியா!" என்றார் பத்தொன்பது. "இது லாரியா, எருமையா?"

ஹெட் கேஸ்கெட் போய்விட்டதாம். என்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற அந்தத் தகடு கிழிந்து, தண்ணீர் ஆயிலோடு கலக்கிறதாம், மீதி வெள்ளைப் புகையாகப் போகிறதாம். அந்தத் தலையை, அதாவது ஹெட்டை இறக்கி, அதன் அடிப்பக்கத்தை மட்டமாகச் சீவி, தகடும் ஆயிலும் மாற்ற நாலு டிரிப் வருமானம் போகும். வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்தார். ஓட்டையை அடைக்க ஏதோ பவுடர் விற்கிறார்களே, அதைப் போட்டால் ஆகாதா என்று கேட்டும் பார்த்தார்.

"இன்னைக்கு லோடோட மலை ஏறியிருந்தா என்ஜினே ஜாம் ஆகியிருக்கும் தம்பி. வண்டிய வித்தாலும் அந்தச் செலவு அடையாது. சாவிய எடுத்து வச்சவங்க கால்ல விழுந்து கும்பிடு."

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். மாமியார்தான் முதலில் உடைந்தாள். மருமகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, "உன்னைக் காப்பாத்துறேன்னு நினைச்சு உன் பேரையே கெடுத்துட்டேனேம்மா," என்று அழுதாள். மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பை கையிலிருந்து நழுவியது.

"அப்ப, ஹெட்ட இறக்கலாமா?" பத்தொன்பது வழக்கம்போல வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கேட்டார்.

வீட்டுக்காரர் வாயெடுத்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"அவகிட்ட கேளுங்க," என்றார்.

ஒன்பது வருஷத்தில் அவளிடம் கேட்டு அந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூகூடக் கழன்றதில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இறக்குங்கண்ணே," என்றாள். "ரேடியேட்டரையும் கழட்டிப் பாத்துருங்க."

கூடுதல் செலவை நினைத்து வீட்டுக்காரரின் வாய் திறந்தது. அவள் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டது.