நியாயம் கேட்ட வாள்

சில்லுவின் அம்மா கொல்லர். பேசும் ஆயுதங்கள் செய்யத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான். அவர் செய்த வாளும் ஈட்டியும் கேடயமும் வாய் திறந்து பேசும். சும்மா பேசுவதோடு விடாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் வேறு இருக்கும்.

அந்தக் குணம் துருத்தியிலிருந்து வருகிறது. துருத்தி என்பது உலை நெருப்புக்குக் காற்று ஊதும் பெரிய தோல் பை. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கும் நொடியில், துருத்தி இழுப்பவரின் மனதில் என்ன இருக்கிறதோ அது அப்படியே இரும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

ஒருநாள் சில்லு தூக்கக் கலக்கத்தில் துருத்தி இழுத்தாள். அன்று பிறந்த கேடயம் இன்றும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொரு நாள் ஏதோ வேடிக்கையை நினைத்துச் சிரித்துக்கொண்டே இழுத்தாள். அன்று பிறந்த குத்துவாளைத் தொட்டாலே போதும், கிச்சுகிச்சு மூட்டியதுபோல் சிரிக்கும். அண்ணன் பசியோடு இழுத்த அன்று பிறந்த ஈட்டி, யார் உள்ளே வந்தாலும் "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்கும்.

அதனால் பட்டறையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. இரும்பு தொட்டிக்குள் போகும்வரை துருத்தி இழுப்பவரை யாரும் திட்டக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டது அம்மா. அன்று காலை அதை மீறியதும் அதே அம்மாதான்.

முதல் நாள் ராத்திரி நல்ல மழை. முற்றத்தில் கிடந்த கரி மூட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. காலையில் உலையை மூட்டினால் நெருப்பைவிடப் புகைதான் அதிகம் வந்தது. அம்மாவுக்குக் கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது. கோட்டைக் காவல் தலைவருக்கான வாள் மதியத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

"மூட்டையை யார் வெளியே விட்டது?" என்று அம்மா இருமிக்கொண்டே கத்தினார். பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. "வேற யாரு? சில்லுவாத்தான் இருக்கும். முந்தாநாள் கதவைச் சாத்த மறந்ததும் நீதானே!"

"அம்மா, நான் செய்..."

"வாயை மூடிட்டு இழு! நெருப்பு அணையுது பாரு!"

சில்லுவுக்குப் பதினோரு வயது. முந்தாநாள் கதவைச் சாத்த மறந்தது அவள்தான். அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் மூட்டை? "நான் உள்ள வெச்சிடறேன், நீ போய்ப் படு" என்று நேற்று சொன்னது அண்ணன். அந்த அண்ணன் இப்போது மூலையில் குனிந்து நின்று, ஏற்கெனவே வழவழப்பாக இருந்த ஒரு கத்திப் பிடியைத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் கதவை மறந்தால் ஆயுள் முழுக்க எல்லாவற்றுக்கும் அவள்தான் காரணமா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூட விடமாட்டார்களா? சில்லு சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் துருத்தியை இழுத்தாள்.

அம்மா இடுக்கியால் வாளைத் தூக்கித் தொட்டியில் முக்கினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது.

"நான் செய்யல!" என்று தொட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வீறிட்டது. "நான் செய்யலைன்னு சொல்றேன்ல! கேக்கவே மாட்டீங்களா? இதென்ன அநியாயம்!"

அம்மா பயந்து இடுக்கியைக் கீழே போட்டார். சில்லு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் விழுங்கிய வார்த்தைகள் ஒன்று விடாமல் வாளிடம் போய்ச் சேர்ந்திருந்தன.

"என்ன குணம் இது?" என்றார் அம்மா. "துருத்தி இழுக்கறப்ப மனசுல என்னத்தை வெச்சிருந்தே?"

'நீ வெச்சதைத்தான் வெச்சிருந்தேன்' என்று சொல்ல சில்லுவின் நாக்கு துடித்தது. அதற்குள் வாசலில் குதிரை வந்து நின்றது.

கோட்டைக் காவல் தலைவர் உள்ளே வந்தார். ஆளுக்கு முன்னால் மீசை வந்தது.

"சாப்பாடு ஆச்சா?" என்றது ஈட்டி.

"ஆச்சு, ஆச்சு. கொல்லரம்மா, வாள் ரெடியா? கோட்டை வாசல்ல இருந்த பித்தளை விளக்கைக் காணோம். வண்டிக்காரன்தான் எடுத்திருப்பான். இந்த வாளை அவன் முன்னால உருவி நிறுத்தினேன்னு வைங்க, உண்மையைக் கக்கிடுவான்."

அம்மா தயங்கித் தயங்கி வாளை நீட்டினார். தலைவர் பிடியைப் பற்றியதும் வாள் ஆரம்பித்தது.

"அவர்தான் எடுத்தார்னு நீங்க பார்த்தீங்களா?"

"என்னது?"

"பார்த்தீங்களா, இல்லையா? வேற யாராவது பார்த்தாங்களா? அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

தலைவரின் முகம் சிவந்தது. "ஒரு வாள் என்னைக் கேள்வி கேக்குதா? சொன்னதைச் செய்யற வாள் வேணும்னுதானே உங்ககிட்ட வந்தேன்! இதை உருக்குங்க. இதே இரும்புல வேற செஞ்சு குடுங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்." அவர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னையா உருக்கப் போறீங்க?" என்றது வாள். அதன் குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது. "நான் என்ன தப்பு பண்ணேன்?"

அம்மா வாளைத் தலைவரிடமிருந்து வாங்கி உலைப் பக்கம் வைத்தார். "சில்லு, துருத்தியை இழு."

உலைக்குள் போன ஆயுதத்தின் குரல் திரும்பி வராது. சில்லுவுக்கு அது தெரியும். பிறந்து அரை மணி நேரம்கூட ஆகாத வாள் அது. அது கேட்டதில் ஒரு கேள்வியாவது தப்பா? பதில் சொல்லத் தெரியாத பெரியவர்கள் கேள்வி கேட்டதைத் தூக்கி நெருப்பில் போடுவார்களாம். இது எந்த ஊர் நியாயம்?

சில்லு துருத்தியிலிருந்து கையை எடுத்தாள். ஈரக் கரி மூட்டை மேலேயே ஏறி உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"இழுக்க மாட்டேன்."

"சில்லு! ஐயா காத்திருக்கார்."

"இருக்கட்டும். நீயே யோசிச்சுப் பாரும்மா. இதை உருக்கிட்டு வேற வாள் செய்யணும். அதுக்கும் நான்தானே துருத்தி இழுக்கணும்? காலைல எனக்கு இருந்த கோபத்துக்கு இந்த வாள் வந்துச்சு. இப்ப அதைவிட நாலு மடங்கு கோபத்துல இருக்கேன். அடுத்த வாள் ஐயாவோட மீசையைப் பிடிச்சு உலுக்கி நியாயம் கேக்கும். பரவாயில்லையா?"

தலைவர் தன்னையறியாமல் மீசையைக் கையால் மூடிக்கொண்டார்.

"அப்படிப் போடு!" என்றது வாள்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். பெண் சொல்வதில் உண்மை இருக்கிறது. தொழில் தெரிந்த யாரும் அதை மறுக்க முடியாது. "சரி, நீ இழுக்க வேண்டாம். டேய், நீ வா. நீ இழு."

அண்ணனின் கையிலிருந்த பிடி நழுவி விழுந்தது. உருண்டு போன அதை எடுக்கக்கூட மறந்து, மெல்ல நடந்து வந்து துருத்தியைப் பிடித்தான். ஒருமுறை இழுத்தான். இரண்டாவது முறை பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

சில்லு அவனையே பார்த்தாள். 'இவன்தான்!' என்று கத்தினால் ஒரே நொடியில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அம்மா தனக்குச் செய்ததுபோல், ஆளைக் கேட்காமலேயே குற்றம் சாட்ட அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணா," என்றாள். "உன் மனசுல இப்ப ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லிடு. இல்லைன்னா அதுவும் வாளுக்குள்ள போயிடும்."

அண்ணன் துருத்தியைப் பார்த்தான், வாளைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான்.

"நான் இழுத்தா அந்த வாள் உறையை விட்டே வெளிய வராதும்மா," என்றான். "பயந்து நடுங்கற வாளாத்தான் வரும்."

"ஏன்டா? உனக்கு என்ன பயம்?"

"மூட்டையை வெளிய விட்டது நான்தான். உள்ள வைக்கிறேன்னு சொல்லிட்டு மறந்து தூங்கிட்டேன். காலைல நீ இவளைத் திட்டினப்பவே சொல்லியிருக்கணும். அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வாள் கத்துச்சு. அப்புறம் ஐயா வந்துட்டார். நேரம் ஆக ஆக இன்னும் பயமா போச்சு."

கேடயம்கூடக் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டது.

இப்போது கோபம் தணிந்திருக்க வேண்டும் அல்லவா? சில்லுவுக்கு அது இன்னும் பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் காலைலயே சொல்ல வந்தேன்ல!" என்று கத்தினாள். கண்ணீர் கன்னத்துக் கரியோடு சேர்ந்து வழிந்தது. "நீ கேக்கவே இல்லம்மா! வாயை மூடுன்னுட்டே! திட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டதும் நீதான், திட்டினதும் நீதான்! நீ செஞ்ச தப்புக்கு அந்த வாளை ஏன் உருக்கணும்?"

அம்மா இடுக்கியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். பிறகு கரி மூட்டைக்கு முன்னால் வந்து, சில்லுவின் முகத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தார்.

"சில்லு, கரி மூட்டையை வெளிய விட்டது நீயா?"

"இல்ல."

"சரி," என்றார் அம்மா. "இதைக் காலைலயே கேட்டிருக்கணும். கேக்காமத் திட்டினது என் தப்பு. ரொம்பப் பெரிய தப்பு. மன்னிச்சுடும்மா."

பிறகு உலைப் பக்கம் திரும்பினார். "உன்கிட்டயும்தான் சொல்றேன். உன்னை உருக்க மாட்டேன்."

"அப்பாடா!" என்றது வாள்.

அண்ணன் சில்லுவின் பக்கத்தில் வந்து நின்றான். "எந்திரி," என்று மட்டும் சொன்னான். அவள் எழுந்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், நனைந்த கரியை ஒவ்வொரு துண்டாக வெயிலில் பரப்ப ஆரம்பித்தான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை.

"ஐயா, ரெண்டு நாள் பொறுங்க," என்றார் அம்மா. "எல்லார் மனசும் ஆறட்டும். வேற வாள் செஞ்சு தரேன்."

மீசையின் ஒரு பக்கத்தை முறுக்குவதும் அவிழ்ப்பதுமாக இருந்த தலைவர், எழுந்து வந்து வாளின் எதிரே நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"அந்த வண்டிக்காரர்கிட்ட நான் இன்னும் ஒண்ணும் கேக்கல," என்றார். சற்றுமுன் 'வண்டிக்காரன்' என்று சொன்னவர்தான்.

"கேக்கவே இல்லையா?"

"இல்ல. விளக்கு காணாமப் போன அன்னைக்கு அவர் வண்டி வாசல்ல நின்னுச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா! இதென்ன அநி..."

"அநியாயம்தான், ஒப்புக்கறேன். காது கிழியுது, கொஞ்சம் மெதுவா பேசு," என்றார் தலைவர். சில்லுவை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மறுபடி வாளிடம் திரும்பினார். "எனக்கு இப்படி ஒரு ஆள் பக்கத்துல இருக்கறது நல்லதுன்னு தோணுது. என்கூடக் கோட்டைக்கு வர்றியா?"



"என்னையா கேக்கறீங்க?" என்றது வாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"வர்றேன்," என்றது வாள். "ஆனா உறைக்குள்ள போட்டு என் வாயை அடைக்கக் கூடாது. அப்புறம் சில்லு வந்து பார்த்தா உள்ள விடணும். இதுக்கெல்லாம் சம்மதமா?"

"சம்மதம்," என்றார் தலைவர்.

சில்லு வாளைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். அது அவள் கையில் இளஞ்சூடாக இருந்தது. "யாராவது உருக்க வந்தா என்னைக் கூப்பிடு," என்று காதோடு சொல்வதுபோல் சொன்னாள். வாளுக்குக் காது எங்கே இருக்கிறதென்று தெரியாததால் பிடிக்குப் பக்கத்தில் சொன்னாள்.

தலைவர் குதிரை மேல் ஏறவில்லை. குதிரையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தே போனார். சில்லு வாசலுக்கு ஓடி வந்து பார்த்தாள். வாளின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"முதல்ல அவருக்கு வணக்கம் சொல்லணும். அப்புறம் உட்காரச் சொல்லணும். அப்புறம்தான் விளக்கைப் பத்திக் கேக்கணும். அவர் பேசறப்ப குறுக்கே பேசவே கூடாது, புரியுதா?"

தெரு முனை திரும்பும்வரை தலைவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.